கண்ணாடிப் பலகையில் ஒரு ஜூனிப்பர்

பஞ்சு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. சலூனுக்கு வருகிறவர்கள் வைத்தது. அவர் முகம் மழித்தால் கன்னத்தில் கத்தி ஓடுவதே தெரியாது, பஞ்சால் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும் என்று யாரோ சொல்லப்போக, அது அப்படியே ஒட்டிக்கொண்டது. கை மட்டும் பஞ்சாக இருந்தால் பரவாயில்லை, மனுஷனுக்கு நெஞ்சும் அதேதான். நாற்காலியில் இருப்பவர் தும்முவதற்கு மூக்கைச் சுருக்கினாலே போதும், கத்தியோடு இரண்டடி பின்னால் போய் நின்றுகொள்வார். போலீஸ்காரர் யாராவது முடி வெட்ட வந்தால் அன்றைக்குக் கடையில் ரேடியோ வாயைத் திறக்காது. கடையைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரைக்கும் போவார், பூட்டினோமா என்று சந்தேகம் வரும், திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார். மறுபடி முனை, மறுபடி பூட்டு. இதற்காகவே அவர் மனைவி தன் வேலை முடிந்ததும் நேராகச் சலூனுக்கு வந்து, தானே பூட்டை ஓர் இழு இழுத்துவிட்டு, "நான் பார்த்துட்டேன். நானே சாட்சி. நடங்க" என்பாள். அவள் ஒரு துணிக்கடையில் ஆல்டரேஷன் தைக்கிறவள். தொளதொளவென்று இருப்பதைப் பிடித்துத் தைத்துச் சரிசெய்வது அவளுக்குக் கடையிலும் வீட்டிலும் ஒரே வேலைதான்.

இப்பேர்ப்பட்ட தொடைநடுங்கி எப்படிக் கத்தி பிடிக்கிற தொழிலுக்கு வந்தார் என்று கேட்பீர்கள். வேறு வழியில்லாமல்தான். மாமா ஒருவர் சலூன் வைத்திருந்தார், படிப்பு ஏறாத மருமகனைக் கொண்டுபோய் அங்கே விட்டார்கள். மழிக்கப் பழகுவதற்கு மாமா ஒரு பலூனை ஊதி, நுரை தடவிக் கையில் கொடுப்பார். கத்தி கொஞ்சம் அழுந்தினால் பலூன் டமால். ஒவ்வொரு டமாலுக்கும் பஞ்சு அலறிய அலறலில் எதிர்க்கடைக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்களாம். அந்தச் சத்தத்துக்குப் பயந்து பயந்தே கை லேசாகிவிட்டது. இத்தனை வருஷத்தில் அவர் கையால் ஒரு முகத்தில்கூடக் கீறல் விழுந்ததில்லை. பயம்தான் அவருக்குச் சோறு போட்டது, அதை மறுக்க முடியாது.

இப்போது அவருக்குச் சொந்தமாகச் சலூன் இருக்கிறது. சொந்தம் என்றால் நாற்காலி இரண்டும் கண்ணாடியும் சொந்தம், கட்டடம் மாடியில் இருக்கும் பெரியவருடையது. அவரைத் தெருவில் எல்லோரும் பாய்லர் என்பார்கள். முன்னால் இல்லை, முதுகுக்குப் பின்னால்தான். பாய்லர் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆலைகளுக்குப் போய்ச் சின்னச் சுத்தியலால் பாய்லரைத் தட்டிக் காதைக் கொடுப்பாராம். சத்தத்தில் சின்னப் பிசகு தெரிந்தாலும் சாக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி. அன்றைக்கே ஆலை நின்றுவிடும், முதலாளி காலில் விழுந்தாலும் அந்தக் குறி அழியாது. "உள்ளே விரிசல் இருந்தா வெளியில தெரியாது பஞ்சு. காதுக்குத்தான் தெரியும்" என்று முகத்தில் நுரையோடு ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். ஆயிரம் தடவையும் பஞ்சு "ஆமா சார்" என்றிருக்கிறார்.

சலூனுக்கு வாடகைப் பத்திரம் கித்திரம் எதுவும் கிடையாது. "நான் இருக்கிற வரைக்கும் நீ இரு" என்று சொன்னார், பஞ்சு இருந்துவிட்டார். ஒரு வார்த்தையில் வந்த இடம், ஒரு வார்த்தையில் போய்விடும். எந்த வேளையில் அந்தப் பெருக்கல் குறி தன் கதவில் விழுமோ என்று பஞ்சு தினமும் காலையில் வந்ததும் முதலில் கதவைத்தான் பார்ப்பார்.

பாய்லரின் மனைவி மொட்டை மாடியில் போன்சாய் வளர்த்தவர். கையகலத் தட்டில் முழு மரம், குட்டிக் கிளை, குட்டி இலை, பார்த்தால் நாமே ஏதோ பெரிய ஆளாகிவிட்டது போல் இருக்கும். போன வருஷம் அந்த அம்மா இறந்துபோனார். நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர், ஒரே வாரத்தில் போய்விட்டார். தொட்டிகளை அவரவர் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். ஒன்றை மட்டும் பாய்லர் யாருக்கும் தரவில்லை. அது ஜூனிப்பர் என்கிற ஜாதி. இலை இலையாக இருக்காது, பச்சைச் செதிலும் ஊசியுமாகக் கொத்துக்கொத்தாக இருக்கும். மகள் பிறந்த வருஷம் அந்த அம்மா நட்டது என்று சொல்வார்கள்.

ஒருநாள் மத்தியானம், கடையில் ஆளில்லாத நேரம், பாய்லர் அந்தத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்தார். வந்து கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் பலகையில், பவுடர் டப்பாவை நகர்த்திவிட்டு, வைத்தார்.

"பஞ்சு, இதை நீ பார்த்துக்கோ."

"சார், எனக்கு முடிதான் சார் தெரியும். மரமெல்லாம்..."

"ரெண்டும் ஒண்ணுதான். வளரும், வெட்டணும். எனக்குக் கண் ஆபரேஷன். குனியக்கூடாது, தூசி படக்கூடாதுன்னு டாக்டர் ஏகப்பட்டது சொல்றான். தம்பி வீட்டுல இருந்துட்டு வரேன்." படி வரைக்கும் போனவர் திரும்பினார். "என் பொண்ணு ஊருக்கு வரும்போது முதல்ல இதைத்தான் கேட்பா. அவ அம்மா வளர்த்தது. பத்திரம்."

பத்திரம்! அந்த ஒரு வார்த்தையில் பஞ்சுவுக்கு முழி பிதுங்கிவிட்டது. அதற்கப்புறம் வந்த முதல் ஆளுக்குக் கிருதாவை ஒரு பக்கம் ஏற்றியும் ஒரு பக்கம் இறக்கியும் வெட்டி அனுப்பினார். அவர் தொழில் வாழ்க்கையில் அப்படி நடந்ததே இல்லை.

வீட்டில் மனைவியின் போனில் வீடியோ பார்த்தார்கள். புதிதாக வளர்க்க ஆரம்பிப்பவர்களுக்கு என்று யார் யாரோ வந்து பேசினார்கள். ஒருவன் தினமும் தண்ணீர் விடு என்றான். அடுத்தவன் தினமும் விட்டால் வேர் அழுகும் என்றான். கழுத்தில் கேமரா மாட்டிய ஒருவன் சிரித்த முகத்தோடு, "புதுசா வளர்க்கிறவங்க பெரும்பாலும் மரத்தைக் கொல்றது தண்ணியாலதான்" என்றான். கொல்றது என்ற சொல் காதில் விழுந்ததும் பஞ்சு எழுந்துபோய் ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அவர் குடித்தார், மரத்துக்கு ஊற்றத்தான் அதற்கப்புறம் கையே வரவில்லை.

ஊற்றாமலும் இருக்க முடியாதே. அப்போதுதான் சலூன்காரர் மூளை சலூன்காரர் வழியில் வேலை செய்தது. ஸ்ப்ரே பாட்டில்! முடியை நனைக்கிற அந்தப் பாட்டில் நாளெல்லாம் கையிலேயே இருக்கிறது. ஓர் ஆளுக்கு முடி நனைக்கும்போதெல்லாம் மரத்துக்கும் புஸ் புஸ் என்று ஒரு பூச்சு. தண்ணீர் விட்ட மாதிரியும் ஆச்சு, வேர் அழுகாமலும் ஆச்சு. ஊசிகளெல்லாம் முத்து முத்தாக நனைந்து, ட்யூப்லைட் வெளிச்சத்தில் தளதளவென்று நிற்கும். வாசலில் வைத்தால் யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், வெயிலில் வைத்தால் கருகிவிடும், ஆகவே கண்ணாடிப் பலகையை விட்டு மரம் நகரவே இல்லை. வருகிறவர்களெல்லாம், "என்ன பஞ்சு அண்ணே, மரத்துக்கும் கட்டிங்கா?" என்று கேலி செய்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு மரத்துக்கு இன்னொரு புஸ் அடித்தார்.

கிளையை வெட்டுவது, கம்பி சுற்றி வளைப்பது என்று வீடியோவில் காட்டியதையெல்லாம் இந்த மரத்தில் செய்து பார்க்க ஆசை வந்தது. மனைவிதான் தடுத்தாள். "அவர் மரத்துல கத்திரி வச்சீங்க, அவ்வளவுதான். பழகணும்னா வேற எதுலயாவது பழகுங்க. உங்க மாமா பலூன் கொடுத்த மாதிரி."

அப்படி ஒரு பலூன் கட்டடத்தின் பின்சுவரிலேயே கிடைத்தது. கழிவுநீர்க் குழாய் சுவருக்குள் போகிற இடத்தில், வெடிப்பில், ஓர் ஆலங்கன்று முளைத்திருந்தது. யாரும் நடாதது, யாருக்கும் வேண்டாதது. சீப்பின் வால் பக்கத்தால் நெம்பி நெம்பி வெளியே எடுத்தார். விளிம்பு உடைந்த டை கலக்குகிற கிண்ணத்தில் கம்பியைச் சுட வைத்து ஓட்டை போட்டார், பழைய டீ வடிகட்டியின் வலையை வெட்டி ஓட்டைகளின் மேல் வைத்தார், மண் அதிகமாக இருந்தால் தண்ணீர் தேங்கும் என்று வீடியோவில் சொன்னபடி செங்கல் பொடியும் மணலுமாகக் கலந்து போட்டார். நீளமான நடுவேரை மொக்கையான கத்திரியால் நறுக்கென்று வெட்டிவிட்டார். கை நடுங்கவே இல்லை. கேட்க ஆளில்லாத கன்றுதானே! தண்டில் கம்பியைச் சுற்றி வளைத்தும் விட்டார். அடுத்த சில நாளில் அத்தனை இலையும் கொட்டியது. "போயே போச்சு" என்று சொல்லிவிட்டுக் கொல்லைக் குழாயடியில் போட்டார். குவளை அலசுகிறபோதெல்லாம் அலசின தண்ணீரை மொத்தமாக அதன் தலையில் கவிழ்ப்பார். வெயிலும் அதற்குத்தான், மழையும் அதற்குத்தான்.

கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால், கன்றின் முனையில் சிவப்பாக ஒரு மொட்டு. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டு உள்ளே வந்தவர் ஜூனிப்பரை ஸ்ப்ரே செய்யப் போனார். ஒரு கொத்தின் நுனி மங்கிக் கிடந்தது. தொட்டார். ஊசிகள் பொலபொலவென்று பவுடர் டப்பாவின் மேல் உதிர்ந்தன.

பேயறைந்த மாதிரி நின்றார். நாற்காலியில் பாதி வெட்டிய தலையோடு ஓர் ஆள் உட்கார்ந்திருந்ததே நினைவில்லை. அந்த ஆள், "அண்ணே, நான் இருக்கட்டுமா, போகட்டுமா?" என்று கேட்ட பிறகுதான் சுயநினைவு வந்தது.

மறுநாள் கடையைத் திறக்கவில்லை. மரத்தின் மேல் சலூன் துணியைப் போர்த்திக் கழுத்தில் கிளிப் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் நர்சரிக்குப் போனார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் துணிக்குள் என்ன என்று கேட்டாள். "உடம்பு சரியில்லை" என்றார். அவள் எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்தாள்.

நர்சரி நடத்துகிற அம்மாள் துணியை எடுத்தார். முதலில் தொட்டியைத் தூக்கிப் பார்த்தார், "என்ன இது, காகிதம் மாதிரி இருக்கு" என்றார். விரலை மண்ணுக்குள் விட்டார், வெளியே எடுத்தபோது விரலில் வெறும் தூசி. அப்புறம் தண்டின் தோலை நகத்தால் ஒரு சின்னக் கீறல் கீறினார். உயிர் இருந்தால் அந்த இடம் ஈரமாகப் பச்சையாக இருக்க வேண்டுமாம். காய்ந்த சுள்ளி மாதிரிப் பழுப்பாக இருந்தது.

"இது போயிடுச்சு தம்பி."

"பச்சையா இருக்கேக்கா!"

"இந்த ஜாதி அப்படித்தான். உசுரு போனாலும் ஒரு மாசம், ரெண்டு மாசம் பச்சை போகாது. பார்க்கிறவங்க நல்லாருக்குன்னே நினைச்சுட்டு இருப்பாங்க. எங்க வச்சிருந்தீங்க?"

"உள்ளேதான்க்கா. கண்ணாடிக்கு முன்னால."

"இது வெயில்ல, காத்துல இருக்கவேண்டிய மரம். தண்ணி?"

பஞ்சு குரலை இறக்கி, ஸ்ப்ரே பாட்டில் சங்கதியைச் சொன்னார். அந்த அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்குப் பசிச்சா சோத்தைத் தலையில தடவிக்குவீங்களா? அடியில ஓட்டை வழியா ஒழுகுற வரைக்கும் ஊத்தணும், அப்புறம் மேல் மண் காஞ்சதும் திரும்ப ஊத்தணும். அவ்வளவுதான் வித்தை." பிறகு அவர் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டாரோ என்னவோ, "முதல் மரம் எல்லாருக்கும் போகும் தம்பி. எனக்கும் போச்சு" என்றார்.

முதல் மரம் போகலாம்தான். அது பாய்லரின் மரமாக இருந்தால்? பஸ்ஸில் திரும்பி வரும்போது பஞ்சுவுக்குக் கண் முன்னால் ஒரே காட்சிதான் ஓடியது. இரண்டு நாற்காலியும் தெருவில் கிடக்கின்றன, கண்ணாடி சுவரில் சாய்த்து வைத்திருக்கிறது, அதில் போகிற வருகிற ஆட்கள் தெரிகிறார்கள்.

"சொல்லிடுங்க. அவரு வந்ததும் முதல் வேலையா சொல்லிடுங்க" என்றாள் மனைவி.

"சொன்னா, கடையைக் காலி பண்ணுன்னா?"

"பண்ணுவோம். வேற கடை இல்லையா ஊர்ல?"

"உனக்கென்ன, ஊசியைத் தூக்கிட்டுப் போயிடுவே. நான் நாற்காலியைத் தூக்கிட்டு எங்க போவேன்?"

அவள் கையிலிருந்த நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

பாய்லர் கண் தெளிந்து வந்து சேர்ந்தார். முன்பெல்லாம் எதிரில் வருவது ஆளா கம்பமா என்று யோசித்து வணக்கம் வைப்பார். இப்போது வாசலில் நின்றபடியே உள்சுவர்க் காலண்டரின் அடியில் அச்சகத்துப் பெயரைப் படித்துக்காட்டினார். பஞ்சு துண்டால் காலி நாற்காலியைத் துடைக்க ஆரம்பித்தார். பாவி மனுஷன், பழைய கண்ணோடு வந்திருக்கக் கூடாதா! பாய்லர் நேராக மரத்தின் முன்னால் போய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ரொம்ப நேரம் நின்றார்.

"பச்சையா இருக்கே" என்றார்.

"ஆமா சார்" என்றார் பஞ்சு. 'இது செத்துவிட்டது சார்' என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

அன்றிலிருந்து தினமும் வந்தார். காலையில் பேப்பர் படிக்கிற சாக்கில் ஒருமுறை, சாயங்காலம் சும்மா ஒருமுறை. ஒவ்வொரு முறையும் மரத்தைப் பார்ப்பார், "பச்சையா இருக்கே" என்பார், போய்விடுவார். பஞ்சுவோ அவர் வருவதற்கு முன்னால் ஓடிப்போய் வேலை செய்துவைப்பார். என்ன வேலை? வழுக்கை விழுந்த தலைக்குச் சலூன்காரர் செய்கிற அதே வேலைதான். உதிர்ந்த இடத்தைப் பக்கத்துக் கொத்தை இழுத்து மூடுவது. மெல்லிய கம்பியால் பின்பக்கத்துக் கிளையை முன்னால் வளைத்துக் கட்டுவார், பழுத்த நுனிகளை கூர்நுனிக் கத்திரியால் ஒன்றிரண்டாக எடுப்பார், தரையில் கிடக்கும் ஊசிகளை முடியோடு சேர்த்துப் பெருக்கித் தள்ளுவார். எத்தனையோ பேருடைய வழுக்கையை ஊருக்குத் தெரியாமல் காப்பாற்றியவர், செத்த மரத்துக்கு வகிடு எடுத்துக்கொண்டிருந்தார். சிரிப்பாகத்தான் இருக்கிறது. அவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. படியில் காலடி கேட்டால் கையில் இருக்கிற கத்தி தானாகக் கீழே போய்விடும். இரண்டு முறை மழிக்க வந்தவர்களிடம், "பிளேடு தீர்ந்துடுச்சு" என்று பொய் சொல்லி அனுப்பினார். பயந்து பயந்தே பழகிய கை, பயத்தால் கெட்டுக்கொண்டிருந்தது.

கொத்து ஒவ்வொன்றாக வைக்கோல் நிறத்துக்குப் போனது. பாய்லர் மட்டும் "பச்சையா இருக்கே" என்பதை நிறுத்தவில்லை. புதுக்கண் வாங்கிய மனுஷனுக்கு இதுகூடவா தெரியவில்லை என்று பஞ்சு ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். பயந்தவனுக்கு யோசிக்க எங்கே நேரம்?

"ஞாயித்துக்கிழமை பொண்ணு வரா" என்றார் பாய்லர் ஒருநாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கடை திறந்ததும் முதல் ஆளாக அவரே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "நல்லா மழிச்சு விடு. ஷேவ் பண்ணலைன்னா உடனே கண்டுபிடிச்சுத் திட்டுவா."

இன்று சொல்லியே ஆக வேண்டும் என்று பஞ்சு வீட்டிலேயே முடிவு செய்துதான் வந்திருந்தார். எப்போது சொல்வது? மழிப்பதற்கு முன்னால் சொன்னால் எழுந்து கத்துவார். மழிக்கும்போது சொன்னால் துள்ளுவார், கழுத்தில் கத்தி இருக்கிறது. மழித்து முடித்த பிறகு சொல்லலாம். நுரையைத் தடவினார், புதுப் பிளேடு போட்டார், வலது கன்னத்தை ஒரு வழியாக முடித்தார். இடது பக்கம் தாடையைத் தூக்கி, கழுத்தில் கத்தியை வைத்தார். கண்ணாடியில் பாய்லரின் நுரை முகம், அதற்குப் பக்கத்தில் வகிடு எடுத்த மரம், அதற்கு மேல் வியர்த்துக் கொட்டுகிற தன் மூஞ்சி.

"பஞ்சு" என்றார் பாய்லர், கண்ணை மூடியபடி. "அந்த மரம் செத்துப்போச்சு. தெரியுமில்ல?"

கத்தி அந்தரத்தில் நின்றது. பஞ்சு இரண்டடி பின்னால் போனார். "சார், நான் வேணும்னு செய்யல சார். ஸ்ப்ரே போதும்னு நினைச்சுட்டேன் சார். கடையை மட்டும்..."

"நீ கொல்லலப்பா."

"சார்?" என்றார் பஞ்சு.

"உன்கிட்ட கொண்டு வரும்போதே அது செத்துதான் இருந்தது. என் வீட்டுக்காரி போனதும் மொட்டை மாடியில தனியா இருக்க வேண்டாமேன்னு அதைக் கீழே படுக்கையறைக்குக் கொண்டு வந்தேன். ஏசி போட்டு, ஜன்னலைச் சாத்தி, அவ கட்டில் பக்கத்துலயே வச்சிருந்தேன். ஒருநாள் அவ செய்யிற மாதிரி நகத்தால கீறிப் பார்த்தேன். அந்தப் பழைய கண்ணுக்கே பழுப்பாத் தெரிஞ்சுது. என் கையில போச்சுன்னு பொண்ணுகிட்ட சொல்ல தைரியம் வரல. அதான் உன் தலையில கட்டினேன்."

பஞ்சுவுக்கு முதலில் வந்தது நிம்மதி இல்லை. கோபம். அவருக்கே அது புது விருந்தாளி, எங்கே உட்கார வைப்பது என்று தெரியவில்லை. "சார்! நான் இத்தனை நாளா செத்துச் செத்துப் பிழைச்சேன் சார்! சோறு திங்கல, தூங்கல, தொழில் பண்ண முடியல. தினமும் வந்து பச்சையா இருக்கே, பச்சையா இருக்கேன்னு..." கையில் கத்தியோடு கத்தினார். எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"தெரியும். உன் கை நடுங்கறதைத் தினமும் பார்த்துட்டுதான் போனேன். இன்னைக்குச் சொல்லலாம் இன்னைக்குச் சொல்லலாம்னுதான் வந்தேன். வாய் வரல." பாய்லர் கண்ணைத் திறக்கவில்லை. "ஒரு உதவி செய். பொண்ணு வந்து கேட்டா, உன் கையில போச்சுன்னே சொல்லிடு. உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டா. கடை உன்னோடதுதான், அதுல எப்பவும் மாத்தம் இல்ல."

"மகள்தானே சார். ஒரு மரத்துக்காகவா..."

"மரத்துக்காக இல்ல." பாய்லர் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மாவையும் இப்படித்தான் பார்த்துக்கிட்டீங்களான்னு கேட்டுட்டா? கேட்டா நான் என்னப்பா சொல்லுவேன்? அவளும் பார்க்க நல்லாத்தான் இருந்தா. சமைச்சா, மாடி ஏறினா, தண்ணி ஊத்தினா. நல்லாருக்கான்னே நினைச்சுட்டு இருந்தேன். ஊர்ல இருக்கிற பாய்லரையெல்லாம் தட்டித் தட்டிக் காதை வச்சுக் கேட்டேனே பஞ்சு."

பஞ்சுவின் கோபம் வந்த வழியே போய்விட்டது. கத்தியைத் துண்டில் துடைத்தார், மறுபடி துடைத்தார். தன்னைத் தெருவுக்குத் துரத்தப்போகிறார் என்று எந்த மனுஷனைப் பார்த்து நடுங்கினாரோ அந்த மனுஷன், கழுத்தை நீட்டிக்கொண்டு தன்னைவிட அதிகமாக நடுங்கிக்கொண்டிருந்தார்.

வாசலில் பெட்டிச் சக்கரம் உருளுகிற சத்தம் கேட்டது.

மகள் நேராகக் கடைக்குள்ளேயே வந்துவிட்டாள். "மேல பூட்டியிருக்கு, இங்கதான் இருப்பீங்கன்னு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவளின் பார்வை பலகைக்குப் போனது. பெட்டியை விட்டுவிட்டு மரத்தின் முன்னால் போய் நின்றாள். கம்பி சுற்றிய கிளைகளைப் பார்த்தாள், வகிட்டைப் பார்த்தாள். சுண்டுவிரல் நகத்தால் தண்டில் மெல்லக் கீறினாள். பழக்கப்பட்ட கை.

அவள் திரும்புவதற்கு முன்னாலேயே பஞ்சு வாயைத் திறந்துவிட்டார். வாழ்க்கையில் எந்தப் பழியையும் கண்டால் பத்தடி தள்ளி ஓடுகிற மனுஷன். "அம்மா, என் கையிலதான் அது... நான்தான் ஸ்ப்ரே..."

"இல்லம்மா" என்றார் பாய்லர். ஒரு கன்னம் பளபளவென்று, ஒரு கன்னம் நுரையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். "அவன் இல்ல. என் கையில போச்சு. உள்ளே கொண்டு வந்து வச்சேன்."

பஞ்சு கத்தியை மடக்கிப் பையில் போட்டுக்கொண்டார், பிறகு எடுத்து மேசையில் வைத்தார்.

"உள்ளே வைக்கக்கூடாதுன்னு அம்மா உங்ககிட்ட சொல்லலையாப்பா?"

பாய்லர் கண்ணாடியில் மகளைப் பார்த்தார்.

"சொல்லியிருப்பா. எல்லாத்தையும் சொல்லுவா. நான்தான் காதுல வாங்கல."

அவள் அவர் பயந்த கேள்வியைக் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததிலேயே கேட்டுவிட்டாள் என்று பஞ்சுவுக்குத் தோன்றியது. கொல்லைப்பக்கத்துக் கதவு திறந்திருந்தது. அவள் பார்வை அங்கே போய்க் குழாயடியில், டை கிண்ணத்தில், கோணலாக நின்ற ஆலங்கன்றின் மேல் கொஞ்ச நேரம் இருந்தது. அதில் நாலைந்து இலை விட்டிருந்தது.

பிறகு வந்து, காத்திருக்கிறவர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தாள். பெட்டியைக் காலோரம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"அண்ணா, அப்பாவுக்கு மீதியை முடிச்சு விடுங்க" என்றாள். "நான் இருக்கேன்."

நுரை காய்ந்துபோயிருந்தது. பஞ்சு மறுபடி நுரை தடவி, கத்தியை விரித்து, தாடையை இரண்டு விரலால் தூக்கினார். விரலுக்கு அடியில் பாய்லரின் தொண்டை விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. கண்ணோரத்தில் வழிந்தது காதுப்பக்கமாக இறங்கியது. பஞ்சு அதைத் துண்டின் நுனியால் ஒற்றினார்.

"ஆடாம இருங்க சார்" என்றார். அவர் கை ஆடவில்லை.